கனமான பெட்டகம்தான் பாதுகாப்பானதா? மாடி வீட்டில் ஓர் இயற்பியல் பாடம்

அழுத்தம், விசையின் திருப்புத்திறன், உள்ளுறை வெப்பம். இவற்றை நாம் வகுப்பில் வெவ்வேறு பாடங்களாகப் படிக்கிறோம். தேர்விலும் வெவ்வேறு கேள்விகளாகவே வருகின்றன. ஆனால் உண்மையான வாழ்க்கையில் ஒரு முடிவு எடுக்கும்போது இவை எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். அதற்கு நல்ல எடுத்துக்காட்டாக, நம் நாட்டில் நாம் அதிகம் சந்திக்காத ஒரு சிக்கலை இவ்வாரம் எடுத்துக்கொள்வோம்.

மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே இலட்சக்கணக்கான வீடுகளில் துப்பாக்கிகள் உள்ளன. விஸ்கான்சின் போன்ற மாநிலங்களில் நவம்பர் மாத மான் வேட்டை பல குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். தாய், தந்தை, ஆறு வயது மகன். மரச்சட்டத்தால் கட்டப்பட்ட அடுக்குமாடியின் மூன்றாம் மாடியில் வாடகைக்குக் குடியிருக்கிறார்கள். இரண்டு வேட்டைத் துப்பாக்கிகள் உள்ளன. அவற்றைப் பூட்டிவைக்க ஓர் இரும்புப் பெட்டகம் வாங்க வேண்டும். எதை வாங்குவது?

"இருப்பதிலேயே கனமானதை வாங்கு" என்று பலரும் சொல்வார்கள். இது சரியா என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

எதிலிருந்து பாதுகாப்பு? மூன்று பதில்கள் உண்டு. ஒன்று, வீட்டிலுள்ள குழந்தையின் கை. இரண்டு, திருடன். மூன்று, தீ.

இவற்றில் முதலாவதுதான் மிக முக்கியம். 2020ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 1 முதல் 19 வயது வரை உள்ளோரின் இறப்புக் காரணங்களில் துப்பாக்கிக் காயங்கள் வாகன விபத்துகளை முந்தி முதல் இடத்துக்கு வந்தன. இந்த எண்ணிக்கையில் விபத்து மட்டுமன்றி வேறு காரணங்களும் அடங்கும். ஆயினும் ஓர் உண்மை தெளிவு: பூட்டப்படாத துப்பாக்கி, வீட்டிலுள்ள பிள்ளைக்கே முதல் ஆபத்து. இதை மனத்தில் வைத்துக்கொண்டு தரையிலிருந்து தொடங்குவோம்.

தரை தாங்குமா? அழுத்தக் கணக்கு

கணக்கிற்காக இரண்டு பெட்டகங்களை எடுத்துக்கொள்வோம்.

பெரிய பெட்டகம்: உள்ளே உள்ள பொருள்களோடு சேர்த்துப் பொருண்மை 400 கிலோகிராம். அடிப்பரப்பு 0.9 மீட்டர் × 0.6 மீட்டர், அதாவது 0.54 சதுர மீட்டர்.

நடுத்தரப் பெட்டகம்: பொருள்களோடு சேர்த்து 150 கிலோகிராம்.

புவியீர்ப்பு முடுக்கத்தை 9.81 என்று கொண்டால், பெரிய பெட்டகத்தின் எடை 400 × 9.81 = 3924 நியூட்டன். அழுத்தம் என்பது விசையைப் பரப்பளவால் வகுத்தால் கிடைப்பது. 3924 ÷ 0.54 = ஏறக்குறைய 7270 பாஸ்கல், அதாவது 7.3 கிலோபாஸ்கல்.

அமெரிக்கக் கட்டட விதிகள், அடுக்குமாடி வீட்டின் அறைத் தளம் ஒரு சதுர அடிக்கு 40 பவுண்டு சுமையைத் தாங்கும்படி வடிவமைக்கச் சொல்கின்றன. நம் அளவையில் அது 1.92 கிலோபாஸ்கல். நம் பெட்டகமோ 7.3. ஏறக்குறைய நான்கு மடங்கு! அப்படியானால் பெட்டகம் தளத்தை உடைத்துக்கொண்டு கீழ்வீட்டுக்காரர் தலையில் விழுமா?

அவசரப்பட வேண்டாம். உங்களையே அளந்து பாருங்கள். 70 கிலோகிராம் பொருண்மை உள்ள ஒருவர் நிற்கிறார். இரண்டு காலணிகளும் தரையைத் தொடும் பரப்பு மொத்தம் 0.04 சதுர மீட்டர் என்று கொள்வோம். அவர் தரும் அழுத்தம் 687 ÷ 0.04 = சுமார் 17 கிலோபாஸ்கல். பெட்டகத்தைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம். ஆனாலும் அவர் நின்றதால் எந்த வீட்டுத் தளமும் உடையவில்லை.

காரணம் என்ன? விதியில் உள்ள 1.92 கிலோபாஸ்கல் என்பது ஒரே ஒரு புள்ளிக்குரிய எல்லை அன்று. அறை முழுவதும் சமமாகப் பரப்பிய சுமை அது. 3 மீட்டருக்கு 4 மீட்டர் அறையின் பரப்பு 12 சதுர மீட்டர். அந்த அறை முழுவதற்கும் சேர்த்தால் 1920 × 12 = 23,040 நியூட்டன். நம் பெட்டகம் அதில் 17 விழுக்காடுதான்.

ஆகவே, பெட்டகத்தின் அழுத்தம் தரையின் மேற்பரப்பைப் பற்றித்தான் சொல்கிறது: பலகை நசுங்குமா, கம்பளத்தில் பள்ளம் விழுமா என்று. தளம் தாங்குமா என்பதற்கு அழுத்தம் மட்டும் போதாது. அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அடியில் உள்ள உத்தரங்கள்: திருப்புத்திறன் கணக்கு

மரவீட்டின் தளப் பலகைக்கு அடியில் மரக்கட்டைகள் வரிசையாக ஓடும். அவற்றை உத்தரம் என்று சொல்வோம். ஓர் உத்தரத்திற்கும் அடுத்ததற்கும் இடையே பொதுவாக 16 அங்குலம், அதாவது சுமார் 40 சென்டிமீட்டர். ஒவ்வோர் உத்தரமும் இரு முனைகளிலும் சுவர் மீது அமர்ந்திருக்கும். இரண்டு நாற்காலிகளுக்கு இடையே வைத்த மரச்சட்டம் போல.

வகுப்பில் நீள அளவுகோலை இரண்டு புத்தகங்களுக்கு நடுவே பாலம் போல் வைத்து, ஒரு சிறு எடையை அதன் மீது நகர்த்திப் பாருங்கள். நடுவில் வைத்தால் அளவுகோல் நன்றாக வளையும். முனைக்கு அருகில் வைத்தால் வளைவு மிகக் குறைவு. எடை மாறவில்லை; இடம்தான் மாறியது.

இதையே எண்ணால் காண்போம். உத்தரத்தின் நீளம் 4 மீட்டர். பெரிய பெட்டகத்தின் எடை ஒரு புள்ளியில் இறங்குவதாக எளிமைப்படுத்திக்கொள்வோம்.

பெட்டகம் நடுவில் இருந்தால், இரு சுவர்களும் ஆளுக்குப் பாதியாக 1962 நியூட்டன் தாங்கும். நடுப்புள்ளியில் உத்தரத்தை வளைக்கும் திருப்புத்திறன் 1962 × 2 = 3924 நியூட்டன் மீட்டர்.

பெட்டகத்தின் மையம் சுவரிலிருந்து 0.4 மீட்டர் தூரத்தில் இருந்தால், திருப்புத்திறன் விதிப்படி அருகிலுள்ள சுவர் 3924 × 3.6 ÷ 4 = 3532 நியூட்டன் தாங்கும். வளைக்கும் திருப்புத்திறன் 3532 × 0.4 = 1413 நியூட்டன் மீட்டர்.

பெட்டகத்தை நகர்த்தியதாலேயே உத்தரத்தின் துன்பம் 36 விழுக்காடாகக் குறைந்துவிட்டது!

இனி விதி என்ன எதிர்பார்க்கிறது என்று பார்ப்போம். ஓர் உத்தரம் தன் இரு பக்கமும் சேர்த்து 0.4 மீட்டர் அகலத் தளத்தைத் தாங்குகிறது. ஆகவே ஒரு மீட்டர் நீளத்திற்கு 1920 × 0.4 = 768 நியூட்டன். 4 மீட்டருக்கு 3072 நியூட்டன். ஒவ்வொரு சுவரும் 1536 நியூட்டன் தாங்கும். நடுப்புள்ளியில் வளைக்கும் திருப்புத்திறன், (1536 × 2) − (1536 × 1) = 1536 நியூட்டன் மீட்டர். இந்த அளவுச் சுமையை நம்பித்தான் உத்தரத்தை அமைத்திருக்கிறார்கள்.

பெட்டகத்தின் அகலம் உத்தரங்களுக்குக் குறுக்காக இருந்து, சுமையை இரண்டு உத்தரங்கள் சமமாகப் பகிர்ந்துகொள்வதாகக் கொண்டால் ஓர் உத்தரத்திற்கு வருவது:

பெரிய பெட்டகம், அறையின் நடுவில்: 1962 நியூட்டன் மீட்டர். எல்லையைத் தாண்டிவிட்டது.

பெரிய பெட்டகம், உத்தரத்தின் முனையில் உள்ள சுவரோரம்: 706 நியூட்டன் மீட்டர். எல்லையில் 46 விழுக்காடு.

நடுத்தரப் பெட்டகம், அதே சுவரோரம்: 265 நியூட்டன் மீட்டர். எல்லையில் 17 விழுக்காடு.

இங்கே ஓர் எச்சரிக்கை. "சுவரோரம்" என்றால் எந்தச் சுவரும் அன்று. உத்தரங்களின் முனைகள் அமரும் சுவர். உத்தரங்களுக்கு இணையாக ஓடும் சுவரின் ஓரத்தில், அறையின் நடுப்பகுதியில் பெட்டகத்தை வைத்தால், ஓரிரு உத்தரங்கள் மட்டுமே முழுச் சுமையையும் நடுவில் சுமக்கும். பார்ப்பதற்குச் சுவரோரம், இயற்பியலில் நட்டநடு! மேலும் அந்த உத்தரங்கள் கட்டில், அலமாரி, மனிதர்கள் எல்லோரையும் சுமக்க வேண்டும். மரம் ஈரத்தில் உளுத்திருந்தால் நம் கணக்குச் செல்லாது. எனவே பெரிய பெட்டகம் வேண்டும் என்பவர் வீட்டு உரிமையாளரிடமும் கட்டமைப்புப் பொறியாளரிடமும் கேட்காமல் வாங்கக் கூடாது.

படிக்கட்டு: ஆற்றல் குறைவு, ஆபத்து அதிகம்

வெறும் பெட்டகம் 350 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். அதை 6 மீட்டர் உயரத்திற்கு ஏற்றச் செய்யும் வேலை 350 × 9.81 × 6 = சுமார் 20,600 ஜூல். இது ஒரு பிஸ்கட்டில் உள்ள உணவாற்றலைவிடக் குறைவு. ஆனால் ஆற்றல் குறைவு என்பதால் வேலை எளிதாகிவிடாது. ஒவ்வொரு படியிலும் தேவைப்படும் விசை பெரியது. கை நழுவினால் அதே 20,600 ஜூல் கீழே நிற்பவரை நோக்கி உருண்டு வரும்.

இதற்காகவே தனித்தனிப் பலகைகளாகக் கொண்டுவந்து, அறைக்குள் திருகாணியால் இணைக்கும் பெட்டகங்கள் விற்கப்படுகின்றன. வாடகை வீட்டில் இருப்போர் அடிக்கடி இடம் மாறுவார்கள். அவர்களுக்கு இவ்வகை பொருத்தம்.

மிக இலேசாக இருந்தாலோ?

சரி, கனம் வேண்டாம் என்று மெல்லிய தகட்டு அலமாரியை வாங்கலாமா? துப்பாக்கிகளோடு சேர்த்து 60 கிலோகிராம், ஆழம் 0.35 மீட்டர், உயரம் 1.4 மீட்டர் உள்ள அலமாரியை எடுத்துக்கொள்வோம். ஈர்ப்பு மையம் நடுவில் இருந்தால், முன் விளிம்பிலிருந்து அதன் கிடைத்தூரம் 0.175 மீட்டர். உச்சியைப் பிடித்து முன்பக்கமாக இழுத்துச் சாய்க்கத் தேவையான விசை:

(60 × 9.81 × 0.175) ÷ 1.4 = சுமார் 74 நியூட்டன்.

74 நியூட்டன் என்பது ஏறக்குறைய ஏழரைக் கிலோ அரிசி மூட்டையைத் தூக்கும் விசை. ஆறு வயதுப் பையன் கதவில் தொங்கினாலே போதும், அலமாரி அவன் மீது சாய்ந்துவிடும். கனமான கதவு திறக்கும்போது ஈர்ப்பு மையம் முன்னோக்கி நகர்வதால், பெரிய பெட்டகத்துக்கும் இந்த ஆபத்து உண்டு.

தீர்வு, பெட்டகத்தைச் சுவரிலோ தரையிலோ திருகாணியால் பிணைப்பது. அமெரிக்க மரவீட்டுச் சுவரில் மேலே தெரிவது ஜிப்சம் பலகை. அதில் மட்டும் திருகினால் பிய்த்துக்கொண்டு வரும். உள்ளே செங்குத்தாக நிற்கும் மரச்சட்டத்தைக் கண்டுபிடித்து அதில் திருக வேண்டும். வாடகை வீடு என்பதால் துளையிட உரிமையாளரிடம் எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும். வீட்டைக் காலி செய்யும்போது சில துளைகளை அடைத்துச் சாயம் பூசுவது பெரிய செலவன்று. உடைந்த தளத்தைச் சரிசெய்வதுதான் பெரிய செலவு.

திருடனும் நெம்புகோலும்

பெட்டக விளம்பரங்களில் எஃகின் தடிமனை கேஜ் என்ற எண்ணால் குறிப்பார்கள். இந்த எண் கூடினால் தடிமன் குறையும். 12 கேஜ் தகடு சுமார் 2.7 மில்லிமீட்டர், 10 கேஜ் சுமார் 3.4 மில்லிமீட்டர். தெரியாதவர் பெரிய எண்ணைப் பார்த்து ஏமாறலாம்.

யூ.எல். என்ற அமெரிக்கச் சோதனை நிறுவனம் வீட்டுப் பெட்டகங்களுக்கு ஒரு தரமுத்திரை தருகிறது. அதன் அடிப்படை நிலைக்கு, ஒருவர் சாதாரணக் கைக்கருவிகளால் தாக்கும்போது பெட்டகம் 5 நிமிடம் திறக்காமல் தாங்க வேண்டும். ஐந்தே நிமிடம்தானா என்று தோன்றும். எந்தப் பெட்டகமும் என்றென்றைக்கும் தாங்காது. பெட்டகம் விற்பது நேரத்தை.

அந்த நேரத்தை இலவசமாகக் கூட்டவும் வழி உண்டு. திருடன் கடப்பாரையை நெம்புகோலாகப் பயன்படுத்துகிறான். 1.2 மீட்டர் தூரத்தில் 400 நியூட்டன் விசை கொடுத்தால் திருப்புத்திறன் 480 நியூட்டன் மீட்டர். பெட்டகத்தை ஒரு மூலையில், கதவு திறக்கும் பக்கம் சுவரை ஒட்டி வைத்து, கடப்பாரைக்கு 0.4 மீட்டர் இடம் மட்டுமே விட்டால், அதே விசை 160 நியூட்டன் மீட்டர்தான் தரும். மூன்றில் ஒரு பங்கு!

தீ: ஜிப்சத்தில் ஒளிந்திருக்கும் நீர்

"30 நிமிடம் தீயைத் தாங்கும்" என்று சில பெட்டகங்களில் எழுதியிருக்கும். எஃகு வெப்பத்தை நன்றாகக் கடத்தும். பின் எப்படித் தாங்குகிறது? பல பெட்டகங்களில் எஃகின் உட்புறம் ஜிப்சம் பலகை ஒட்டப்பட்டிருக்கும்.

ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட்டின் ஒவ்வோர் அலகோடும் இரண்டு நீர் மூலக்கூறுகள் பிணைந்த படிகம். அதன் மோலார் பொருண்மை 172. அதில் நீர் 36. அதாவது தொட்டால் உலர்ந்திருக்கும் அந்தப் பலகையில் 21 விழுக்காடு நீர். 10 கிலோகிராம் ஜிப்சத்தில் 2.1 கிலோகிராம் நீர்.

தீயில் இந்த நீர் பிரிந்து ஆவியாகும். நீரின் ஆவியாதல் உள்ளுறை வெப்பம் ஒரு கிலோகிராமுக்கு 2.26 மெகாஜூல். 2.1 × 2.26 = சுமார் 4.7 மெகாஜூல். 16 கிலோகிராம் தண்ணீரை 30 பாகை செல்சியசிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுசெல்லும் ஆற்றல் இது. நீர் தீரும்வரை பலகையின் வெப்பநிலை 100 பாகையை ஒட்டியே நிற்கும். தீத் தடுப்புச் சோதனை உலையிலோ, அரை மணி நேரத்தில் வெப்பநிலை 840 பாகையைத் தாண்டும்.

ஆனால் நீர் தீர்ந்தால் பாதுகாப்பும் தீர்ந்தது. இன்னும் அதிக நேரம் வேண்டுமென்றால் இன்னும் ஜிப்சம் வேண்டும். ஜிப்சம் கூடினால் பொருண்மை கூடும். பொருண்மை கூடினால் உத்தரம் வளையும். ஒன்றைப் பெற மற்றொன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். தீ அணைக்கும் வண்டி விரைவில் வரக்கூடிய நகரத்தில், மூன்றாம் மாடிக்குப் பெரும் ஜிப்சச் சுமை தேவையா என்று இந்தக் குடும்பம் யோசிக்க வேண்டும்.

மூடிய பெட்டிக்குள் துருவும் ஓர் எதிரி. பனிக்குளிரில் வேட்டையாடிவிட்டுச் சூடான வீட்டுக்குள் துப்பாக்கியைக் கொண்டுவந்தால் அதன் மீது நீர்த்துளிகள் படியும். நம் ஊரில் குளிர்பானத் தகரக் குவளை வியர்ப்பதும் இதனால்தான். துடைத்து உலரவிட்டுப் பூட்ட வேண்டும். உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் வைப்பது நல்லது.

பூட்டு: கணிதமும் பழக்கமும்

ஆறு இலக்க எண் பூட்டில் 10 இலட்சம் சேர்க்கைகள் உள்ளன. ஆனால் அப்பா தன் பிறந்த தேதியை வைத்தால்? நாள், மாதம், ஆண்டு என்ற வடிவில் நூறு ஆண்டுகளுக்கும் சுமார் 36,500 சேர்க்கைகளே உண்டு. வீட்டிலுள்ள பிள்ளைக்கோ இரண்டு முயற்சி போதும்: அப்பாவின் பிறந்த நாள், அம்மாவின் பிறந்த நாள். 3.4 மில்லிமீட்டர் எஃகும் அங்கே பயனற்றுப் போகும்.

துப்பாக்கி இல்லாத வீடே குழந்தைக்கு மிகப் பாதுகாப்பானது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் கருத்து. வைத்திருந்தால், தோட்டாக்களை நீக்கிப் பூட்ட வேண்டும். தோட்டாக்களை வேறோர் இடத்தில் தனியாகப் பூட்ட வேண்டும் என்று அது கூறுகிறது. ஒரு பூட்டு தவறினாலும் மற்றொன்று காக்கும்.

ஆக, எதை வாங்கலாம்?

இந்தக் குடும்பத்திற்கு நான் சொல்லக்கூடியது இதுதான். பலகைகளாகப் பிரித்துக் கொண்டுவரக்கூடிய நடுத்தரப் பெட்டகம். பொருள்களோடு சேர்த்து 150 கிலோகிராமுக்குள். உத்தரங்களின் முனை அமரும் சுவரின் மூலையில், அனுமதி பெற்று மரச்சட்டத்தில் திருகப்பட்டிருக்க வேண்டும். யாருக்கும் எளிதில் ஊகிக்க முடியாத எண். தோட்டாக்களுக்குத் தனிப் பெட்டி. 400 கிலோகிராம் பெட்டகம் தரும் கூடுதல் பாதுகாப்பு திருடனுக்கும் தீக்கும் எதிரானது. ஆறு வயதுப் பையனிடமிருந்து காப்பதில் இரண்டும் ஒன்றே. அங்கே எடைக்கு வேலையில்லை. ஒவ்வொரு முறையும் மறக்காமல் பூட்டும் பழக்கத்திற்கே வேலை.

நீங்களே செய்து பாருங்கள்

1. உங்கள் வீட்டு மீன்தொட்டியின் நீளம் 1.2 மீட்டர், அகலம் 0.45 மீட்டர், நீரின் உயரம் 0.5 மீட்டர். நீர் மட்டும் தரும் அழுத்தத்தை இரண்டு வழிகளில் காண்க: எடையைப் பரப்பளவால் வகுத்து ஒரு முறை, அடர்த்தி, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் ஆகியவற்றைப் பெருக்கி ஒரு முறை.

2. மேலே கண்ட 60 கிலோகிராம் அலமாரியின் அடித்தட்டில் நடுவாக 20 கிலோகிராம் வைத்தால், சாய்க்கத் தேவையான விசை எவ்வளவு? மேல்தட்டில் வைத்தால் என்ன வேறுபாடு?

3. 25 கிலோகிராம் ஜிப்சத்தில் உள்ள நீர் ஆவியாக எவ்வளவு வெப்பம் வேண்டும்?

விடைகள்: 1. இரண்டு வழியிலும் 4905 பாஸ்கல். 2. சுமார் 98 நியூட்டன். மேல்தட்டில் வைத்தாலும் சாயத் தொடங்க அதே விசைதான். ஆனால் ஈர்ப்பு மையம் உயர்ந்துவிடுவதால் சிறிது சாய்ந்தாலே விளிம்பைத் தாண்டிக் கவிழ்ந்துவிடும். 3. நீர் சுமார் 5.2 கிலோகிராம், வெப்பம் சுமார் 11.8 மெகாஜூல்.